கணனிக் கொம்பனி தொலைபேசிச் சந்தையுட் புகலாமோ?

கணித்தல் கணனியின் தொழில். சேய்மையிலுள்ளாரோடு பேசச் செய்தல் தொலைபேசியின் தொழில். இவ்விரண்டும் வெவ்வேறு கைவினைஞரால், வெவ்வேறு பட்டறைகளில், வெவ்வேறு நோக்கங்கொண்டு வளர்க்கப்பட்டவை. ஆதலின், ஒன்றிற் பழகியோர் மற்றொன்றிற் கைவைத்தல் தகுமோ என்னும் ஐயம் இயல்பாகவே எழும். கலிபோர்ணியாவிலுள்ள அப்பிள் கொம்பனியைக் குறித்து இவ்வையம் 2005, 2006ஆம் ஆண்டுகளில் வணிக உலகிற் பலராலும் எழுப்பப்பட்டது. பின்னர் நிகழ்ந்தவற்றை அறிந்த இக்காலத்தார் 'புகுந்ததே சரி' என ஒரு சொல்லில் விடையிறுத்துவிடுவர். பயனைக் கண்டபின் காரணத்தைப் புகழ்தல் எளிது. புகவேண்டாம் என்றோர் கூறிய காரணங்கள் யாவை, அவை எவ்விடத்துப் பிழைத்தன, அதே வாயிலிற் புகுந்த ஏனைய கணனிக் கொம்பனிகள் ஏன் வீழ்ந்தன என்பவற்றை நோக்கினாலன்றி அவ்வினா தீராது.

வேண்டாம் என்றோர் அறியாதார் அல்லர். 2006ஆம் ஆண்டில் உலகெங்கும் விற்பனையான கைத்தொலைபேசிகள் ஏறக்குறைய 96 கோடி. அவற்றுள் மூன்றிலொரு பங்குக்குமேல் பின்லாந்து நாட்டு நொக்கியாவினுடையவை. அப்பெருஞ் சந்தையிற் புதியவர் ஒருவருக்கு இடம் எங்கே? மேலும், ஐக்கிய அமெரிக்காவில் தொலைபேசியைப் பெரும்பாலும் விற்றோர் அதனைச் செய்தோர் அல்லர். சேவை வழங்கும் கொம்பனிகளே. எந்தக் கருவியில் எவ்வசதி இருக்கலாம், எது இருத்தலாகாது என்பதையும் அவையே தீர்மானித்தன. தன் கருவியின் ஒவ்வோர் ஆணியையும் தானே தெரிந்தெடுத்துப் பழகிய அப்பிள் அவ்வாட்சிக்குள் அடங்கி நடத்தல் எங்ஙனம்? பாம் கொம்பனியின் தலைவர் எட் கொலிகன், கணனி செய்வோர் திடீரென நுழைந்து இத்தொழிலைக் கற்றுக்கொள்ளார் என்னுங் கருத்தை 2006 நவம்பரில் வெளியிட்டார். அது பொறாமைச் சொல் எனத் தள்ளத்தக்கதன்று. கையடக்கக் கணனியிலிருந்து தொலைபேசிக்கு வந்த கொம்பனி அவருடையது. அவ்வழியிலுள்ள முட்கள் அவர் அறிந்தவை. அப்பிளுக்கோ 1993இல் வெளிவந்து 1998இற் கைவிடப்பட்ட நியூட்டன் என்னும் கையடக்கக் கருவியின் கசப்பு நினைவும் இருந்தது.

எனினும், தொலைபேசி செய்வதற்கெனப் பிறந்தோரே அதனைச் செய்யத்தக்கார் என்னும் வாதம் வரலாற்றுக்கு ஒவ்வாது. நொக்கியாவே 1865இல் மரக்கூழ் ஆலையாகத் தோன்றி, பின்னர் இறப்பர்ச் சப்பாத்தும் மின்வடமும் செய்த கொம்பனிகளோடு இணைந்து, நெடுங்காலத்தின்பின் தொலைபேசிக்கு வந்ததன்றோ?

அப்பிள் புகுந்தமைக்கு ஆசையினும் அச்சமே பெரிதுங் காரணமாயிற்று எனலாம். 2001இல் வெளியான ஐபொட் என்னும் இசைக்கருவி அக்கொம்பனியை நிமிர்த்தியது. 2006ஆம் நிதியாண்டில் அதன் வருமானம் ஏறத்தாழ 1,930 கோடி டொலர். அதிற் பத்தில் நான்கு பங்களவு ஐபொட்டினால் வந்தது. அவ்வாண்டுகளிலேயே தொலைபேசிகள் பாடவுந் தொடங்கின. சட்டைப்பையில் இரண்டு கருவி சுமப்பார் எவரும் ஒன்று போதுமாயின் மற்றதை வீட்டில் விட்டுவிடுவர். வாளாவிருந்தாலும் இழப்பு வரும் என்பதை வேண்டாம் என்றோர் தம் கணக்கிற் சேர்த்திலர். புகுவதால் வரும் கேட்டை நிறுத்தவர்கள் புகாமையால் வருங் கேட்டை நிறுக்கவில்லை; அவர்தம் வாதத்தின் முதற் குறை இதுவே.

இடைவழி ஒன்றும் முயன்று பார்க்கப்பட்டது. 2005 செப்ரெம்பரில் மோட்டறோலா கொம்பனியின் ரொக்கர் என்னும் தொலைபேசியில் அப்பிளின் இசை மென்பொருள் இடம்பெற்றது. அதில் 100 பாடல்களுக்குமேல் ஏற்ற இயலாது. அதே நாளில் அதே மேடையில் அப்பிள் அறிமுகஞ் செய்த சிறிய ஐபொட்டோ 1,000 பாடல்களைக் கொள்ளும். கருவி ஒருவருடையது, மென்பொருள் மற்றொருவருடையது, விற்பனை மூன்றாமவருடையது என மூவர் கூடிச் சமைத்த அவ்வுணவு எவர் நாவுக்கும் சுவைக்கவில்லை.

இனி, வினாவின் உயிர்நிலை தொலைபேசி என்பது யாது என்பதாம். 1973இல் மார்ட்டின் கூப்பர் மோட்டறோலாவின் கருவியைக் கையிலேந்தி நியூயோர்க் நகரவீதியிற் பேசியபோது, அத்தொழிலின் நுட்பம் முழுவதும் வானலையை அனுப்புதலிலும் பெறுதலிலும் அடங்கியிருந்தது. அக்காலத்திற் கணனி செய்வோர் அதிற் புகுந்திருப்பின் அது தச்சன் தட்டார வேலைக்குச் சென்றதனை ஒக்கும். முப்பது ஆண்டுகளில் அந்நுட்பம் சிறியதொரு சில்லுக்குள் அடங்கி, விலைகொடுத்து வாங்கத்தக்க பண்டமாயிற்று. முதல் ஐபோனில் அமைந்த வானலைச் சில்லு செர்மானிய இன்பினியன் கொம்பனியிடமிருந்து வாங்கப்பட்டதே. அதற்கு மாறாக, நினைவகத்தை ஆளவும் இணையப் பக்கத்தைத் திரையில் விரிக்கவும் பல வேலைகளை ஒருங்கே நடத்தவும் வல்ல இயங்குதளம் கடையில் எளிதிற் கிடைப்பதன்று. அப்பிளிடம் அஃது இருந்தது. ஸ்டீவ் ஜொப்ஸ் 1985இல் அமைத்த நெக்ஸ்ட் கொம்பனியில் முளைத்து, 2001 முதல் அப்பிளின் கணனிகளை இயக்கிவந்த அவ்வியங்குதளமே சுருக்கப்பட்டு ஐபோனுக்குள் வைக்கப்பட்டது. தொலைபேசியாளரின் வித்தை வாங்கக்கூடியதாயிற்று. கணனியாளரின் வித்தை அவ்வாறு ஆகவில்லை. கணனியாளர் அயலார் நிலத்துட் புகவில்லை. நிலமே அவர் பக்கமாக நகர்ந்து வந்தது. 2007 ஜனவரி 9ஆம் நாள் சான்பிரான்சிஸ்கோவில் ஐபோனை அறிமுகஞ் செய்த அன்றே 'அப்பிள் கணனி' என்னும் தன் பெயரிலிருந்து 'கணனி' என்னுஞ் சொல்லை அக்கொம்பனி நீக்கியது. தொலைபேசியுங் கணனியே ஆனபின் அச்சொல் வேண்டாததாயிற்று போலும்.

சேவைக் கொம்பனிகளின் ஆட்சி என்னும் தடையோ பேரத்தினால் நீங்கியது. சிங்குலர் கொம்பனி, ஐக்கிய அமெரிக்காவில் அக்கருவியை விற்கும் தனியுரிமையைப் பெற்று, அதன் வடிவையும் மென்பொருளையும் அப்பிளின் விருப்புக்கே விட்டது. ஆயினும் முதற் கருவி குறையற்றதன்று. மூன்றாந் தலைமுறை வலையமைப்பில் அது இயங்காது. பிறர் எழுதிய செயலிகளை ஏற்க வழியில்லை. விலையோ 499 டொலரும் 599 டொலரும். மைக்ரோசொப்ட் தலைவர் ஸ்டீவ் பால்மர் அவ்விலையைச் சுட்டி வெளிப்படையாகவே நகைத்தார். யூன் 29இல் விற்பனை தொடங்கி, செப்ரெம்பரிலேயே 599 டொலர் 399 ஆகக் குறைக்கப்பட்டமையால் நகைப்பு முற்றுங் காரணமற்றதன்று. எனினும் 2008இற் சந்தையில் நூற்றுக்கு ஒரு பங்கு, அஃதாவது ஒரு கோடி, விற்றல் வேண்டும் என்று குறித்த இலக்கு எய்தப்பட்டது. அவ்வாண்டு யூலையிற் செயலிக் கடை திறக்கப்பட்டபோதே அக்கருவி மெய்யாகவே கணனியாயிற்று எனலாம். 2015ஆம் நிதியாண்டில் அப்பிளின் வருமானத்தில் மூன்றிலிரண்டு பங்கு ஐபோனிலிருந்து வந்தது.

இதுகொண்டு, கணனி செய்வோர் யாவரும் புகலாம் என்று முடிவுகூறின் அது பெரும் பிழையாகும். எச்.பி. கொம்பனி 2010இற் பாமை 120 கோடி டொலர் கொடுத்து வாங்கியது. கணனியாளரை ஐயுற்றவரின் கொம்பனி கணனியாளர் கைக்கே சென்றமை விந்தை. மறுவருடம் ஓகஸ்டில் அத்தொழிலை எச்.பி. கைவிட்டது. மைக்ரோசொப்ட் 2010 மே மாதத்தில் வெளியிட்ட கின் என்னும் தொலைபேசியை யூன் முடிவிலேயே மீளப்பெற்றது. அதன்பின் வந்த விண்டோஸ் தொலைபேசி நல்ல கருவி என்று பயன்படுத்தியோர் பலர் கூறுவர். ஆயின் அதற்குள் செயலி எழுதுவோர் ஐபோனையும் அன்ட்ரொயிட்டையும் சார்ந்துவிட்டனர். கூகிள் இலவசமாக வழங்கிய இயங்குதளத்தின் எதிரில் மைக்ரோசொப்ட் உரிமக் கட்டணம் கேட்டது. 2012இற் புதிய பதிப்பு வந்தபோது முந்திய கருவிகள் அதனை ஏற்கமாட்டாவாயின, வாங்கியோர் கைவிடப்பட்டனர். இக்கொம்பனிகளிடத்தும் கணனி வித்தை இருந்தது, பொருளும் இருந்தது. காலந்தான் இல்லை. 2007இல் திறந்திருந்த வாயில் 2010இற் பெரும்பாலும் அடைபட்டுப் போயிற்று.

2014 ஏப்பிரலில் மைக்ரோசொப்ட் நொக்கியாவின் தொலைபேசிப் பிரிவையே 500 கோடி யூரோவுக்கு மேற்பட்ட விலைக்கு வாங்கி முடித்தது. அடுத்த ஆண்டு யூலையில் அக்கொள்வனவு தொடர்பில் 760 கோடி டொலரை நட்டமெனத் தள்ளுபடி செய்து, 7,800 பேரை வேலையினின்று நீக்குவதாக அறிவித்தது. பின்லாந்தின் தென்மேற்கிலுள்ள சாலோ என்னும் சிறு நகரம் நொக்கியாவின் தொலைபேசிகளாற் பல்லாண்டு வாழ்ந்தது. அங்கிருந்த தொழிற்சாலையை நொக்கியா 2012இல் மூடியபின், வடிவமைப்பாளரும் பொறியியலாளரும் பணிபுரிந்த பிரிவு மட்டுமே எஞ்சிநின்று மைக்ரோசொப்டின் கைக்கு மாறியது. அதுவும் மூடப்படும் என்ற செய்தி அந்நகரத்தாருக்கு 2015 யூலையில் எட்டியது.