மூட்டையைப் பிரிக்கும் வித்தை: இடமா, வேகமா?

(இரண்டாம் ஆண்டு, கணிப்பொறித் துறை)



ஸிப் கோப்பை விரிக்கிறோம், போனில் ஜேபெக் படம் பார்க்கிறோம். இரண்டுக்குள்ளேயும் ஒரே வித்தைதான் ஒளிந்திருக்கிறது. அடிக்கடி வரும் எழுத்துக்குச் சின்னக் குறியீடு, எப்போதாவது வரும் எழுத்துக்கு நீளமான குறியீடு. மளிகைக் கடையில் உப்பும் பருப்பும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும், கற்பூரம் மேல் தட்டில் இருக்கும். அதே கணக்குதான்.

இந்தக் குறியீட்டைச் சிறப்பாக அமைக்கும் வழியைக் கண்டுபிடித்தவர் டேவிட் ஹஃப்மன். 1951-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் அவர் நம்மைப் போல ஒரு மாணவர். ராபர்ட் ஃபானோ என்ற பேராசிரியர், "கடைசிப் பரீட்சை எழுதலாம், இல்லையென்றால் ஒரு கட்டுரை எழுதித் தரலாம்" என்று சொல்ல, ஹஃப்மன் கட்டுரையைத் தேர்ந்தெடுத்தார். அதில் பிறந்ததுதான் இந்த முறை. 1952-ல் அச்சில் வெளிவந்தது.

சுருக்குவதைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். சுருக்கியதை விரிப்பது எப்படி? அங்கேதான் சிக்கல்.

குறியீடு எங்கே முடிகிறது?

நான்கே எழுத்துகள் என்று வைத்துக்கொள்வோம்.

க = 0
ல = 10
ம் = 110
ர = 111

"கலகம்" என்று எழுதினால் 0100110. மொத்தம் 7 பிட். எல்லா எழுத்துக்கும் சமமாக 2 பிட் கொடுத்திருந்தால் 8 பிட் ஆகியிருக்கும். ஒரு பிட் லாபம்! இதென்ன பெரிய லாபமா என்று சிரிக்காதீர்கள். 'க' நிறைய வரும் பெரிய கோப்பில் இதுவே மலையாகிவிடும்.

ஆனால் 0100110 என்பதில் ஒரு எழுத்து எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று கோடு போட்டுக் காட்டவில்லையே? எந்தக் குறியீடும் இன்னொன்றின் ஆரம்பமாக இருக்காது என்பதுதான் இங்கே விதி. அதனால் குழப்பம் வராது. இருந்தாலும் முதல் எழுத்தின் நீளம் தெரியும்வரை இரண்டாவது எழுத்தைத் தொட முடியாது. வேகம் அடிபடுவது இதனால்தான்.

முதல் வழி: மரம் ஏறுதல்

0 வந்தால் இடது கிளை, 1 வந்தால் வலது கிளை. இலையைத் தொட்டால் எழுத்து கிடைத்துவிடும். பிறகு மறுபடி வேரிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். டேட்டா ஸ்ட்ரக்சர் பாடத்தில் படித்த மரம்தான்.

ஸிப் கோப்புகளிலும் பி.என்.ஜி. படங்களிலும் இருக்கும் டெஃப்ளேட் முறையை எடுத்துக்கொள்வோம். அதன் முக்கியப் பட்டியலில் 286 குறிகள், ஒரு குறியீட்டின் நீளம் அதிகபட்சம் 15 பிட். 286 இலை என்றால் 285 கிளை முடிச்சு. முடிச்சுக்கு 4 பைட் வீதம் 1,140 பைட் போதும். இடம் கொஞ்சம்தான். ஆனால் ஒவ்வொரு பிட்டுக்கும் ஒரு படி ஏற வேண்டும். ஒரு எழுத்துக்கு 15 படிகூட ஆகலாம்.

இரண்டாம் வழி: முழு அட்டவணை

நம் நான்கு எழுத்து உதாரணத்தில் நீளமான குறியீடு 3 பிட். ஆகவே 000 முதல் 111 வரை 8 அறை உள்ள அட்டவணை போடுவோம். 0-வில் தொடங்கும் நான்கு அறையிலும் "க, நீளம் 1" என்று எழுதுவோம். 100, 101 இரண்டிலும் "ல, நீளம் 2". 110-ல் "ம், நீளம் 3". 111-ல் "ர, நீளம் 3".

இப்போது 0100110-ஐப் பிரிக்கலாமா? முதல் 3 பிட் 010. அந்த அறையில் க, நீளம் 1. ஒரு பிட்டை மட்டும் தள்ளுகிறோம். அடுத்த மூன்று 100. ல, இரண்டு பிட் தள்ளு. அடுத்து 011. க, ஒன்று தள்ளு. கடைசியாக 110. ம். நான்கு எழுத்துக்கு நான்கே பார்வை!

அப்படியானால் இதையே வைத்துக்கொள்ளலாமே? கணக்குப் போட்டுப் பாருங்கள். 15 பிட்டுக்கு 32,768 அறை. அறைக்கு 4 பைட் என்றால் 1,31,072 பைட், அதாவது 128 கே.பி. வெறும் 286 குறிகளுக்கு இவ்வளவு இடம்!

"இப்போ போனிலேயே ஜி.பி. கணக்கில் ரேம் இருக்கே, இதுக்குப் போய் கஞ்சத்தனமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இரண்டு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஒன்று, பிராசஸரின் கைப்பக்கத்தில் இருக்கும் முதல் கேஷ் பல கணிப்பொறிகளில் 32 அல்லது 48 கே.பி.தான். அட்டவணை அதைத் தாண்டினால் தூரத்தில் போய்த்தான் எடுத்துவர வேண்டும். இரண்டு, டெஃப்ளேட்டில் ஒரு கோப்பு பல துண்டுகளாக வரும். துண்டுக்குத் துண்டு குறியீடு மாறலாம். மாறும்போதெல்லாம் 32,768 அறையையும் புதிதாக நிரப்ப வேண்டும். ஆயிரம் எழுத்து படிக்க முப்பதாயிரம் அறை நிரப்பினால் யாருக்கு லாபம்? இடத்தை அள்ளிக் கொடுத்தும் வேகம் கிடைக்காது.

மூன்றாம் வழி: இரண்டு அடுக்கு

நம் தபால் பின்கோடைப் பாருங்கள். 1972-ல் வந்த 6 இலக்க எண். ஆறு இலக்கத்துக்கும் சேர்த்து ஒரே அலமாரி செய்தால் 10 லட்சம் அறை வேண்டும். முதல் 3 இலக்கத்துக்கு 1,000 அறை வைத்து, மீதி 3 இலக்கத்தைத் தேவையான இடத்தில் மட்டும் பிரித்தால் வேலை முடிந்தது.

1995-ல் ஜான்-லூ கையியும் மார்க் ஆட்லரும் வெளியிட்ட இஸட்லிப் நிரல் தொகுப்பு இதைத்தான் செய்கிறது. முதலில் 9 பிட்டைப் பார்க்கும். அதற்கு 512 அறை. 9 பிட்டுக்குள் அடங்கும் குறியீடு என்றால் அங்கேயே விடை. நீளமானது என்றால் அந்த அறையில் "இன்ன இடத்தில் உள்ள சின்ன அட்டவணைக்குப் போ" என்று எழுதியிருக்கும். நீளமான குறியீடுகள் அபூர்வமாகத்தானே வரும்? ஆகவே பெரும்பாலும் ஒரே பார்வை, எப்போதாவது இரண்டு. எவ்வளவு மோசமான குறியீடு வந்தாலும் இந்த 286 குறிகளுக்கு மொத்தம் 852 அறை தாண்டாது. அதாவது 3,408 பைட். 128 கே.பி. எங்கே, இது எங்கே!

நான்காம் வழி: எண்ணிக்கை மட்டும்

டெஃப்ளேட்டில் குறியீடுகள் வரிசைக்கிரமமாக அமைந்தவை. அதனால் எந்த நீளத்தில் எத்தனை குறியீடு என்ற எண்ணிக்கையும், எழுத்துகளின் வரிசையும் தெரிந்தால் போதும், மரமே வேண்டாம். நம் உதாரணத்தில் எண்ணிக்கை 1, 1, 2. வரிசை க, ல, ம், ர.

110 வருகிறது. 1 பிட் குறியீடு ஒன்றுதான், அது 0. வந்தது 1, இல்லை. 2 பிட்டில் முதல் குறியீடு 10, அதுவும் ஒன்றுதான். வந்தது 11, இல்லை. 3 பிட்டில் முதல் குறியீடு 110. வந்ததும் 110. முன்னால் இரண்டு எழுத்து தாண்டிவிட்டோம், ஆகவே மூன்றாவது எழுத்து ம்.

286 குறிகளுக்கு 604 பைட்டில் முடிந்துவிடும். பிட் பிட்டாக நகர்வதால் வேகம் குறைவு.

நமக்கு எது?

எங்கள் வீட்டில் கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள் நான். என்னைப் போன்றவர்கள் நம்மில் நிறையப் பேர். ப்ராஜெக்ட்டுக்கு "பெரிய போர்டு வாங்கிக்கோ" என்று சொல்வது சுலபம். அந்தக் காசு யாரோ ஒருவருடைய கூலி. ஆர்டுயினோ உனோ ஆர்3 போர்டில் ரேம் வெறும் 2 கே.பி.தான். அதில் 3,408 பைட் அட்டவணை உட்காராது, 604 பைட் உட்காரும். (டெஃப்ளேட் முழுவதையும் அதில் கொண்டுவர முடியாது. முன்னால் வந்ததைத் திரும்பப் பார்க்க 32 கே.பி. வரை தனியாக வேண்டும். நாமே அமைக்கும் சின்ன ஹஃப்மன் குறியீட்டுக்குத் தடையில்லை.) சென்சார் நிமிடத்துக்கு ஒரு முறை அளவு அனுப்பினால் மெதுவான முறையே தாராளம். அதே வேலையை மேசைக் கணிப்பொறியில் லட்சக்கணக்கான எழுத்துக்குச் செய்தால் இரண்டு அடுக்குதான் சரி.

ஆகவே வைவாவில் "எது சிறந்த முறை?" என்று கேட்டால் உடனே பதில் சொல்லிவிடாதீர்கள். "எந்த மெஷினில் சார்? எவ்வளவு டேட்டா சார்?" என்று திருப்பிக் கேளுங்கள். அதற்குப் பிறகு பேப்பரில் பைட் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். கையில் இருக்கும் போர்டே போதுமா என்பதை அந்தக் கணக்கு சொல்லிவிடும்.

கடைசியாக ஒரு வீட்டுப்பாடம்: 01110110. மேலே உள்ள 8 அறை அட்டவணையை வைத்துப் பிரித்துப் பாருங்கள். நான்கு பார்வையில் விடை வரும். நம் ஊர்த் திருவிழாவில் தலைமேல் ஏறி ஆடும் பொருள் அது!