வேலைக்கு ஆள் தேடலும் சமூக ஊடகங்களும்

ஒரு ஸ்தாபனத்தில் ஓர் இடம் காலியானால், பத்திரிகையில் விளம்பரம் செய்வதும், வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு எழுதுவதும், அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதும், தெரிந்தவர்களிடம் சொல்லிவைப்பதும் நெடுங்காலமாக இருந்துவரும் வழிகளாகும். இவற்றோடு இப்பொழுது சமூக ஊடகங்களும் சேர்ந்துவிட்டன. நம் சங்கங்களுக்குக் கணக்கரும் விற்பனையாளரும் தேவைப்படுகின்றனர். நம் அங்கத்தினரின் பிள்ளைகளுக்கோ வேலை தேவைப்படுகிறது. ஆகவே, இப்புதிய வழி எவ்வாறு நடைபெறுகிறது, அதன் நன்மை யாது, தீமை யாது என்பவற்றை நாம் அறிந்துகொள்ளுதல் அவசியம்.

இதில் இரண்டு முறைகள் உள்ளன. முதலாவது, தொழில் தொடர்புக்கென்றே ஏற்பட்ட தளத்தில் தேடுதல். 2003-இல் அமெரிக்காவில் தொடங்கப்பெற்று, 2016-இல் மைக்ரோசாப்ட் கம்பெனியால் வாங்கப்பெற்ற லிங்க்ட்இன் இவ்வகையைச் சேர்ந்தது. ஒருவர் தம் படிப்பு, தொழில், அனுபவம் ஆகியவற்றை அதில் தம் பக்கத்தில் எழுதிவைக்கிறார். ஆள் தேடுவோர் ஊரையும் தொழிலையும் குறித்துத் தேடி, தக்கவருக்குத் தாமே செய்தி அனுப்புகின்றனர். வேறோர் இடத்தில் வேலையில் அமர்ந்து, விளம்பரங்களைப் பார்க்காமலே இருப்பவரையும் இவ்வாறு கண்டு அழைக்கலாம். இரண்டாவது, பேஸ்புக் போன்ற பொதுத் தளங்களில் பணம் செலுத்தி விளம்பரம் செய்தல்.

இவ்வழியின் பெரும் நன்மை, நமக்கு அறிமுகமில்லாத வட்டங்களையும் எட்டுவதே. 1973-இல் மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியல் அறிஞர், வேலை பற்றிய செய்தி நெருங்கிய நண்பர்களைவிட ஓரளவே பழகியவர்கள் மூலமாகவே அதிகம் வருகிறது என்று எடுத்துக்காட்டினார். இதற்குக் காரணம் எளிது. ஒரே தெருவில் தறி போடுகிறவர்களில் ஒருவருக்குத் தெரிந்த செய்தி பெரும்பாலும் அடுத்த வீட்டாருக்கும் தெரிந்திருக்கும். எப்பொழுதோ ஒரு முறை சந்தையில் பழகிய வெளியூர்க்காரரோ நாம் கேள்விப்படாத செய்தியைக் கொண்டுவருவார். லிங்க்ட்இன் தளத்தில் சுமார் 2 கோடிப் பேரிடையே ஐந்து ஆண்டுகள் நடந்த சோதனைகளை ஆராய்ந்து, 2022-இல் ‘சயன்ஸ்’ பத்திரிகையில் அறிஞர்கள் வெளியிட்ட முடிவும் ஏறக்குறைய இதுவே. மிக நெருங்கிய தொடர்பைவிட மிதமான பழக்கமே ஒருவர் புதிய வேலைக்கு மாற அதிகம் உதவியதாக அவர்கள் கண்டனர்.

நன்மை இவ்வாறிருக்க, நாம் கவனிக்க வேண்டிய தீமை ஒன்றும் உண்டு. பத்திரிகையைக் கையில் எடுத்த எவரும் அதில் வந்த விளம்பரத்தைப் படிக்கலாம். சமூக ஊடகத்திலோ விளம்பரம் யாருக்குக் காட்டப்பட வேண்டும் என்பது முன்பே தீர்மானிக்கப்படுகிறது. அமெரிக்காவில் பல பெரிய கம்பெனிகள் பேஸ்புக்கில் வேலை விளம்பரங்களைக் குறிப்பிட்ட வயதுக்குட்பட்டவர்களுக்கு மட்டும் காட்டிவந்ததை, 2017 டிசம்பரில் புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனமும் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையும் வெளிப்படுத்தின. வேலையில் 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம் பேதம் காட்டலாகாது என்று அந்நாட்டில் 1967-ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டிருந்தது. ஆயினும், விளம்பரம் கண்ணில் படாதவருக்குத் தாம் விலக்கப்பட்ட செய்தியே தெரியாதாகையால், அவர் முறையிடுவது எங்ஙனம்? வழக்குகள் எழுந்தபின், 2019 மார்ச்சில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, அந்நாட்டில் வேலை விளம்பரங்களை வயது, பால், அஞ்சல் குறியீடு ஆகியவற்றால் வரையறுப்பதை நிறுத்த பேஸ்புக் சம்மதித்தது.

அதனோடும் பேதம் தீர்ந்துவிடவில்லை. அதே ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர் சிலர், எவ்வித வரையறையும் இன்றி விளம்பரங்களை வெளியிட்டுப் பார்த்தனர். மரம் வெட்டும் தொழிலுக்கான விளம்பரம் பெரும்பாலும் ஆண்களுக்கும், கடையில் பணம் வாங்கும் வேலைக்கான விளம்பரம் பெரும்பாலும் பெண்களுக்கும் காட்டப்பட்டன. யார் எதை விரும்புவார் என்று தளத்தின் கணிப்பொறி தானே ஊகித்துப் பிரித்ததன் விளைவு இது. விளம்பரம் செய்தவர் நேர்மையாக இருந்தும் பயனில்லாமற் போயிற்று.

மற்றொரு தீமை, விண்ணப்பித்தவரின் சொந்தப் பக்கத்தை ஒளிந்து பார்ப்பது. அமெரிக்காவின் கார்னகி மெல்லன் பல்கலைக்கழக அறிஞர் இருவர், ஒரே தகுதியுள்ள கற்பனை விண்ணப்பங்களைப் பல கம்பெனிகளுக்கு அனுப்பினர். சமூக ஊடகப் பக்கத்தில் மட்டும் ஒருவர் கிறிஸ்தவர் என்றும் மற்றவர் முஸ்லிம் என்றும் தெரியுமாறு வைத்தனர். 2020-இல் அச்சேறிய அவர்கள் ஆய்வின்படி, குடியரசுக் கட்சிக்கு ஆதரவு மிகுந்த பகுதிகளில் முஸ்லிம் விண்ணப்பதாரருக்கு நேர்முகத்துக்கான அழைப்பு குறைவாகவே வந்தது. விண்ணப்பத்தில் நாம் கேட்காத மதமும் சாதியும் குடும்ப நிலையும் இப்பக்கங்களின் வழியே நம் மனத்தில் புகுந்துவிடுகின்றன என்பது இதனால் விளங்கும். விண்ணப்பதாரரிடம் அவருடைய பக்கத்தின் கடவுச்சொல்லையே கேட்கும் வழக்கமும் சில இடங்களில் இருந்தது. அதை 2012-இல் மேரிலாந்து மாநிலம் முதன்முதலாகச் சட்டத்தால் தடுத்தது.

இவற்றிலிருந்து நம் சங்கங்கள் கைக்கொள்ளத் தக்கவை சில உண்டு. சட்டமும் விதிகளும் வகுத்த நியமன முறையைச் சமூக ஊடகம் மாற்றிவிடாது. அது அறிவிப்பைப் பரப்பும் ஒரு துணையே. வாட்ஸ்அப் குழுவிலோ பேஸ்புக்கிலோ அறிவிப்பு வெளியிட்டால், அதே நாளில் சங்கத்தின் பலகையிலும் அதை ஒட்டுதல் வேண்டும். கைப்பேசி இல்லாத அங்கத்தினரின் மகளும் அதை அறிய வேண்டுமன்றோ? வேலை இன்னது, சம்பளம் இவ்வளவு, கடைசித் தேதி இது என்பவை அதில் தெளிவாக இருத்தல் வேண்டும். விண்ணப்பித்தவரின் சொந்தப் பக்கங்களைத் துருவுவதைவிட, கணக்கருக்கு ஒரு பேரேட்டுப் பக்கத்தையும், விற்பனையாளருக்கு ஒரு சேலையையும் கொடுத்து, எல்லோரையும் ஒரே விதமாகச் சோதித்துப் பார்ப்பது மேல். யார் எந்த வழியில் செய்தி அறிந்து வந்தார் என்பதையும் குறித்துவைத்தால், எந்தப் பகுதிக்கு அறிவிப்பு எட்டவில்லை என்பது அடுத்த முறை தெரியவரும்.

வேலை தேடும் நம் பிள்ளைகளுக்கும் எச்சரிக்கை வேண்டும். தாய்லாந்தில் நல்ல சம்பளம் என்ற சமூக ஊடக விளம்பரங்களை நம்பிச் சென்ற இந்திய இளைஞர்கள் மியான்மருக்குக் கொண்டுசெல்லப்பட்டு, இணைய மோசடி வேலை செய்யுமாறு கட்டாயப்படுத்தப்பட்டனர். 2022 செப்டம்பரில் மத்திய வெளியுறவு அமைச்சகம் இதுகுறித்து எச்சரிக்கை வெளியிட்டது. அவ்வாறு சிக்கி மீண்டவர்களில் தமிழ்நாட்டினரும் இருந்தனர். வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்போர் 1983-ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசிடம் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். அப்பதிவை மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் சரிபார்க்கலாம். வேலைக்கு முன்பே பணம் கேட்பவரையும், சுற்றுலா விசாவில் புறப்படச் சொல்பவரையும் நம்பலாகாது.

நம் சங்கங்களில் பங்கு சிறிதாயினும் பெரிதாயினும் அங்கத்தினர் ஒவ்வொருவருக்கும் ஒரே வாக்குத்தான். அந்தச் சமத்துவம் வேலை அறிவிப்பிலும் விளங்க வேண்டும். புதிய கருவியை ஏற்போம். அதன் வெளிச்சம் படாத வீடுகளுக்கும் செய்தி சென்று சேர்கிறதா என்பதை நிர்வாகிகள் கவனிப்பார்களாக.