கூடம் கோணலா, ஆட்டம் கோணலா?

பத்து மீட்டர் தொலைவில் இலக்கு. எய்தவை ஆறு அம்புகள். நான்கு அம்புகள் மஞ்சள் வட்டத்திற்கு இடப்பக்கம் சிதறிக் கிடந்தன. ஒன்று நீல வட்டத்தின் ஓரத்தில் தைத்திருந்தது. இன்னொன்று தாளையே தொடாமல் பின்னாலிருந்த வலையில் தொங்கியது.

பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு படித்தபோது மரபு வில்வித்தை கற்கத் தொடங்கினேன். குறிபார்க்கும் கருவியோ நிலைநிறுத்தும் கம்பிகளோ இல்லாத எளிய மரவில் அது. மூன்றாவது மாதத்தில் விட்டுவிடலாமா என்ற எண்ணம் வந்துவிட்டது. இரண்டு மாதங்களில் மாணவர்களுக்கான நட்புமுறைப் போட்டி. குழுவுக்கு மூவர். என் புள்ளிகள் மற்ற இருவரையும் கீழே இழுத்துக்கொண்டிருந்தன.

சனிக்கிழமைகளில் பயிற்சி முடிந்ததும் தேக்கா நிலையத்தில் பாட்டியுடன் சாப்பிடுவது என் வழக்கம். வில் சரியில்லை, அம்பு சரியில்லை என்று நான் அடுக்கியதை எல்லாம் கேட்டுவிட்டு, தோசையைப் பிய்த்தபடியே பாட்டி சொன்னார்: “ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்.”

கோபம் வந்தது. ஆனால், கேள்வி சரியானது. கோணல் எங்கே இருக்கிறது, கூடத்திலா, ஆட்டத்திலா? அதைக் கண்டுபிடிப்பது எப்படி?

வளைந்து செல்லும் அம்பு

வில்லிலிருந்து புறப்படும் அம்பு விறைப்பாக நேரே பாய்கிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். உண்மையில் அது மீனைப்போல நெளிந்து செல்கிறது.

வலக்கையால் நாணை இழுப்பவருக்கு, அம்பு வில்லின் இடப்பக்கத்தில் அமர்ந்திருக்கும். விட்டவுடன் நாண் வில்லின் நடுப்பகுதியை நோக்கிப் பாய்கிறது. ஆனால், நடுவில் வில்லே குறுக்கே நிற்கிறது. பின்னாலிருந்து தள்ளும் விசையால் அம்பு வளைந்து, வில்லைச் சுற்றிக்கொண்டு வெளியேறி, பிறகு இறகுகளின் உதவியால் நேராகிறது. இதற்கு ‘வில்லாளியின் முரண்’ என்று 1913ல் பெயர் சூட்டியவர் அமெரிக்காவின் ராபர்ட் எல்மர். 1930களில் இயற்பியலாளர் கிளாரன்ஸ் ஹிக்மன் அதிவேகப் படப்பிடிப்பின் மூலம் அம்பு நெளிவதைக் கண்ணுக்குக் காட்டினார்.

ஆகவே, அம்பின் விறைப்பு மிக முக்கியம். அதை ‘ஸ்பைன்’ என்பார்கள். 28 அங்குல இடைவெளியில் இரு தாங்கிகள்மீது அம்புத் தண்டை வைத்து, நடுவில் 880 கிராம் எடையைத் தொங்கவிடுவார்கள். தண்டு அரை அங்குலம் வளைந்தால் அது 500 எண் கொண்ட தண்டு. எண் கூடக்கூட விறைப்பு குறையும். வில்லின் இழுவிசைக்கு அம்பு அளவுமீறி விறைப்பாக இருந்தால் அது போதிய அளவு வளையாது. வலக்கைக்காரருக்கு இடப்பக்கம் விலகிப் போகும். அளவுமீறி நெகிழ்ந்தால் வலப்பக்கம் போகும்.

இதைப் படித்ததும் எனக்கு ஒரே மகிழ்ச்சி. என் வில் 30 பவுண்டு. அம்புகளோ 500 எண். ‘கூடம்தான் கோணல்’ என்று முடிவு கட்டினேன். துணைப்பாடம் சொல்லிக்கொடுத்துச் சேர்த்த பணத்தில் 90 வெள்ளிக்கு 700 எண் அம்புகள் வாங்கினேன்.

அடுத்த வாரம் அவையும் சிதறின. இப்போது இடப்பக்கம் மட்டுமன்று, வலப்பக்கமும்.

கைப்பேசி காட்டிய உண்மை

பயிற்றுவிப்பாளர் அம்புகளைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. என் கைப்பேசியை வாங்கி, பக்கவாட்டிலிருந்து ஒருமுறை, முதுகுப்புறத்திலிருந்து ஒருமுறை படம் பிடித்தார். ஆறு எய்தல்களையும் மெதுவாக ஓட்டிக் காட்டினார்.

முதல் எய்தலில் என் விரல் வாயோரத்தைத் தொட்டது. மூன்றாவதில் கன்னத்திற்கு ஓர் அங்குலம் முன்னாலேயே நின்றுவிட்டது. நாணை இழுக்கும் நீளம் குறைந்தால் வில் தரும் விசையும் குறையும். அதே அம்பு அப்போது விறைப்பான அம்பைப்போல் நடந்துகொள்ளும். ஐந்தாவது எய்தலில் விரல்களைத் தளர்த்துவதற்குப் பதிலாக, கையை முகத்திலிருந்து வெளிப்பக்கமாக வெடுக்கென்று இழுத்தேன். வீணைத் தந்தியைச் சுண்டுவதுபோல நாண் சுண்டப்பட, அம்பு இடப்பக்கம் தாவியது. கடைசி எய்தலில் அம்பு எங்கே போகிறது என்று பார்க்கும் ஆவலில், அது வில்லை விட்டு நீங்குவதற்குள் இடக்கையைத் தாழ்த்திவிட்டேன்.

ஆறு எய்தல்களில் ஆறு வெவ்வேறு மனிதர்கள். எந்த அம்பைக் கொடுத்தாலும் சிதறத்தானே செய்யும்?

“அம்புகள் சிதறினால் உன்னைப் பார். ஒரே இடத்தில் கூடி, ஆனால் தவறான இடத்தில் தைத்தால் அம்பைப் பார்,” என்றார் அவர். ஒரே தவற்றை மாறாமல் செய்பவருக்கும் அம்புகள் கூடித் தைக்கலாம் என்பதால், இரண்டாவது நிலையிலும் காணொளி எடுத்துப் பார்க்கச் சொன்னார்.

மூன்று வாரம் எனக்கு இலக்குத் தாளே கிடையாது. ஐந்து எட்டுத் தொலைவில் வெறும் வைக்கோல் திண்டு. குறிபார்க்க எதுவும் இல்லை என்றால் மனம் உடலைக் கவனிக்கிறது. முதுகுத் தசையால் இழுப்பது, விரல் வாயோரத்தைத் தொடுவது, பிறகு விரல்களைத் தளரவிடுவது, அம்பு தைக்கும்வரை இடக்கையை அசைக்காதிருப்பது. இவ்வளவுதான். சலிப்பாக இருந்தது, ஆனால் வேலை செய்தது.

இறகில்லா அம்பின் சாட்சி

நான்காவது வாரம் பத்து மீட்டருக்குத் திரும்பினேன். அம்புகள் உள்ளங்கை அளவில் கூடத் தொடங்கின. அப்போதுதான் பயிற்றுவிப்பாளர் இரண்டு வகை அம்புகளையும் எடுத்துவரச் சொன்னார். ஒவ்வொரு வகையிலும் ஓர் அம்பின் இறகுகளை அகற்றினோம். இறகு அம்பின் பிழையைத் திருத்தி மறைத்துவிடும்; இறகில்லா அம்பு பொய் சொல்லாது.

500 எண் அம்புகள் கூடித் தைத்தன, ஆனால் மையத்திற்கு இடப்பக்கத்தில். இறகில்லாதது அதற்கும் இடப்பக்கம் போனது. 700 எண் அம்புகளோ இறகு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஏறக்குறைய ஒரே இடத்தில் தைத்தன.

அதாவது, கூடமும் கோணல்தான்! என் ஐயம் தொடக்கத்திலேயே சரி. ஆனால், ஆட்டம் கோணலாக இருந்தவரை அதை மெய்ப்பிக்க எனக்கு வழியில்லை.

அம்பு சொல்லும் குறிப்புகள்
(வலக்கையால் இழுப்பவர்களுக்கு, கட்டைவிரலால் இழுக்கும் ஆசிய மரபில் அம்பு வில்லின் மறுபக்கம் அமர்வதால் இடம் வலமாக மாறும்)

• இறகில்லா அம்பு இடப்பக்கம் போனால் அம்பு விறைப்பு. வலப்பக்கம் போனால் நெகிழ்வு.
• இறகில்லா அம்பு மற்றவற்றைவிடக் கீழே தைத்தால், நாணில் அம்பு பொருந்தும் இடம் மிக உயரத்தில் உள்ளது. மேலே தைத்தால் மிகத் தாழ்வில் உள்ளது.
• நாண் முன்கையில் அடித்தால் முழங்கையைச் சற்று வெளிப்புறமாகத் திருப்புங்கள். நாணுக்கும் கைப்பிடிக்கும் உள்ள இடைவெளி, வில்லைச் செய்தவர் குறிப்பிட்ட அளவில் உள்ளதா என்றும் பாருங்கள்.
• ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாது.
• கரிம இழை அம்புகளை ஒவ்வொரு முறையும் மெல்ல வளைத்துப் பாருங்கள். நொறுங்கும் ஒலி கேட்டாலோ விரிசல் தெரிந்தாலோ எய்யாதீர்கள். உடைந்த தண்டு கையைக் கிழித்துவிடும்.
• அம்பில்லாமல் நாணை இழுத்து விடாதீர்கள். வில் உடையலாம்.
• பயிற்சித் திடலுக்கு வெளியே வில்லை நாணேற்றாதீர்கள்.

தவறிய அம்புகள்

வில் நமக்குப் புதிதன்று. சேரரின் சின்னமே வில்தான். கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தை ஊடுருவியதை வன்பரணர் புறநானூற்றில் பாடியிருக்கிறார். தைத்த அம்பைத்தான் புலவர்கள் பாடுவார்கள். அதற்கு முன் ஓரி எத்தனை அம்புகளைக் காட்டில் தொலைத்தான் என்று எவரும் எழுதிவைக்கவில்லை.

நம் ஊரிலும் முன்மாதிரி உண்டு. பெருமூளை வாதத்துடன் பிறந்த நூர் ஷாஹிதா அலிம், 2019ல் நெதர்லாந்தில் நடந்த உலக உடற்குறையுள்ளோர் வில்வித்தைப் போட்டியில் தங்கம் வென்றார். அவர் பயன்படுத்துவது கூட்டுவில். எங்கள் மரவில்லிலிருந்து அது மிகவும் வேறுபட்டது. ஆனால், ஒரே அசைவைத் திரும்பத் திரும்ப மாறாமல் செய்யவேண்டும் என்பதில் இரண்டும் ஒன்றே.

எங்கள் குழு அந்த நட்புமுறைப் போட்டியில் நான்காவதாக வந்தது. பதக்கம் இல்லை. ஆனால், ஓர் அம்புகூட வலையில் தொங்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை தேக்காவில் பாட்டியிடம் வெற்றிக் களிப்புடன் சொன்னேன்: “பாத்தீங்களா பாட்டி, கூடமும் கோணல்தான்!”

பாட்டி காப்பியை ஆற்றியபடி கேட்டார்: “அது எப்ப தெரிஞ்சது உனக்கு? ஆடக் கத்துக்கிட்ட பிறகுதானே?”