கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை: ஏற்கெனவே செய்துகொண்டவரிடம் எதைக் கேட்கலாம்? எதைக் கேட்கக் கூடாது?

தூத்துக்குடி மாவட்டம் ஏரலில் ஒரு கடைக்காரர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வயது ஐம்பதைத் தாண்டியவர். வயிறு வீங்குகிறது, கால் வீங்குகிறது, கண் மஞ்சளாகிறது. நெல்லையில் ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், "கல்லீரல் சுருங்கிப் போச்சு. மாற்று ஆபரேஷன்தான் வழி. சென்னைக்கோ மதுரைக்கோ போய்க் காட்டுங்க" என்று சொல்லிவிட்டார்.

பஸ்ஸில் வீடு திரும்பும்போது குடும்பத்தில் எல்லோருக்கும் ஒரே கேள்விதான். "இதைப் பண்ணிக்கிட்டு யாராவது நல்லா இருக்காங்களா?" இரண்டு நாளில் தெரிந்தவர் ஒருவர் வந்து, "நாசரேத் பக்கம் ஒரு அண்ணாச்சிக்கு இதே ஆபரேஷன் ஆச்சு. இப்போ நல்லா நடமாடுதாரு" என்று போன் நம்பர் கொடுப்பார்.

அந்த நம்பருக்குப் பேசலாமா? தாராளமாகப் பேசலாம். ஆனால் அவரிடம் என்ன கேட்பது, எதை டாக்டரிடம் மட்டும் கேட்பது என்று பிரித்துக்கொண்டு பேசுவது நல்லது. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

கேட்க ஆளே இல்லாத காலம்

உலகில் முதன்முதலாக 1963-ல் அமெரிக்காவின் டென்வர் நகரில் டாக்டர் தாமஸ் ஸ்டார்ஸல் மனிதருக்கு கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை செய்தார். இந்தியாவில் முதல் வெற்றி கிடைக்க 1998 நவம்பர் வரை ஆனது. டெல்லி அப்போலோ மருத்துவமனையில் அதைச் செய்துகொண்டது நம்ம காஞ்சிபுரத்துக் குழந்தை சஞ்சய் கந்தசாமி. அப்போது வயது 20 மாதம். கல்லீரலின் ஒரு பகுதியைக் கொடுத்தவர் அப்பா.

அந்தப் பெற்றோரின் நிலையை யோசித்துப் பாருங்க. "உங்க பிள்ளைக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேட்க நாட்டில் ஒருத்தர்கூட இல்லை. அந்தக் குழந்தை வளர்ந்து இன்று டாக்டர். அனுபவப்பட்டவர்கள் இப்போது பல ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்காமல் விடுவதுதான் நஷ்டம்.

டாக்டரிடம் மட்டும் கேட்க வேண்டியவை

முதலாவது, ஆபரேஷன் தேவையா, எப்போது தேவை என்பது. இதற்கு 'மெல்டு ஸ்கோர்' என்ற கணக்கு உதவுகிறது. பிலிருபின், கிரியாட்டினின், ரத்தம் உறையும் அளவைக் காட்டும் ஐஎன்ஆர், சோடியம் ஆகிய ரத்தப் பரிசோதனைகளை வைத்து 6 முதல் 40 வரை மதிப்பெண் வரும். கூடக்கூட ஆபத்து அதிகம். பொதுவாக 15-ஐத் தாண்டினால் மாற்று சிகிச்சை பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள். கல்லீரலில் கட்டி இருந்தால் கணக்கு வேறு.

"எனக்கும் மஞ்சள் இருந்துச்சு, ரெண்டு வருஷம் தள்ளிப்போட்டேன், ஒண்ணும் ஆகல" என்று ஒருவர் சொல்லலாம். அவருக்கு அது உண்மையாகவே இருக்கலாம். அவருக்கு வந்தது ஹெபடைடிஸ் பி-யாக இருக்கும், உங்களுக்கு சர்க்கரை நோயோடு சேர்ந்த கொழுப்புக் கல்லீரலாக இருக்கும். அவருடைய இரண்டு வருஷம் உங்களுக்குப் பொருந்தாது. தள்ளிப்போட்டால் உடம்பு ஆபரேஷனையே தாங்க முடியாத நிலைக்குப் போய்விடலாம்.

இரண்டாவது, நாட்டு மருந்து. மஞ்சள் காமாலை என்றதும் நம்ம பக்கம் கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பார்கள். சுருங்கி இறுகிப்போன கல்லீரலை அது பழையபடி ஆக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்காக சீந்தில் கொடி சாப்பிட்ட சிலருக்கு கல்லீரல் பாதிப்பு வந்ததாக மும்பை டாக்டர்கள் 2021-ல் பதிவு செய்தார்கள். யார் சொன்னாலும் டாக்டரைக் கேட்காமல் எதையும் குடிக்காதீங்க.

மூன்றாவது, பிழைக்கும் வாய்ப்பு. நம்மிடம் போனில் பேசுகிறவர் பிழைத்து வந்தவர். பிழைக்காதவர் பேச முடியாது. நல்ல மையங்களில் 100 பேரில் சுமார் 85 முதல் 90 பேர் முதல் ஆண்டைக் கடக்கிறார்கள். மீதிப் பேரும் இருக்கிறார்கள். "என் நிலைமையில் வாய்ப்பு எவ்வளவு?" என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்க.

அனுபவப்பட்டவரிடம் கேட்க வேண்டியவை

டாக்டருக்கு நேரம் இல்லாத, சில நேரம் அவருக்கே தெரியாத விஷயங்கள் இவரிடம்தான் கிடைக்கும்.

* எங்கே தங்கினீர்கள், வாடகை எவ்வளவு? ஏரலிலிருந்து சென்னை சுமார் 600 கிலோமீட்டர். ஆபரேஷன் முடிந்து இரண்டு, மூன்று மாதம் மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே இருக்கச் சொல்வார்கள்.
* மருத்துவமனை சொன்ன தொகை போக, கையை விட்டு எவ்வளவு போனது?
* கூட இருந்து பார்த்துக்கொண்டது யார்? ஊரில் கடையையும் பிள்ளைகளையும் யார் பார்த்தார்கள்?
* எத்தனை மாதத்தில் வேலைக்குப் போக முடிந்தது?
* மாதம் மாத்திரைக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் எவ்வளவு ஆகிறது?
* எந்த நாள் ரொம்பக் கஷ்டமாக இருந்தது? எப்படிச் சமாளித்தீர்கள்?

ஒருவரோடு நிறுத்தாதீங்க. முடிந்தால் மூன்று பேரிடம் பேசுங்க. அதில் ஒருவருக்காவது சிக்கல் வந்து மீண்டிருந்தால் நல்லது. மருத்துவமனையில் உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர் ஒருவர் இருப்பார். "பழைய நோயாளிகளிடம் பேச முடியுமா?" என்று அவரிடம் கேட்டால், சம்மதிப்பவர்களோடு பேச வைப்பார்.

கொடுத்தவரிடமும் பேசுங்க

இதைத்தான் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். கல்லீரலைப் பெற்றவரிடம் நூறு கேள்வி கேட்போம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அவர் மனைவிக்கும் வயிற்றில் தையல் போட்ட தழும்பு இருக்கும். அவரிடம் ஒரு கேள்விகூட இருக்காது.

உயிரோடு இருப்பவர் கல்லீரலின் ஒரு பகுதியைத் தரலாம். மிச்சமிருக்கும் பகுதி சில மாதங்களில் ஏறக்குறைய பழைய அளவுக்கு வளர்ந்துவிடும். அதற்காக ஆபத்தே இல்லை என்று அர்த்தம் இல்லை. தானம் தருபவர் உயிரிழக்கும் வாய்ப்பு 1000 பேரில் 1 முதல் 5 வரை என்று மருத்துவ உலகம் கணக்கிடுகிறது. வலி, பித்தநீர்க் கசிவு, பல வார ஓய்வு எல்லாம் உண்டு.

தேசிய உறுப்பு மாற்று அமைப்பான நோட்டோவின் கணக்குப்படி 1995 முதல் 2021 வரை நடந்த 36,640 உறுப்பு மாற்று சிகிச்சைகளில் 29,000-க்கும் மேல் ஆண்களுக்கு நடந்தவை. பெண்களுக்கு 6,945 மட்டுமே. வீட்டில் யாருக்காக யார் படுக்கப் போகிறார்கள் என்ற முடிவு பல இடங்களில் சத்தமில்லாமலேயே எடுக்கப்பட்டுவிடுகிறது.

அதனால் தரப்போகிற மனைவியோ மகளோ, ஏற்கெனவே கொடுத்த ஒரு பெண்ணிடம் தனியாகப் பேசட்டும். "அக்கா, பிள்ளையைத் தூக்க எத்தனை மாசம் ஆச்சு? உங்களை யாரு பார்த்துக்கிட்டா? வேண்டாம்னு தோணுச்சா?" என்று மனசு விட்டுக் கேட்கட்டும். கடைசி நிமிடம் வரை வேண்டாம் என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு. அதை டாக்டரிடம் தனியாகவே சொல்லலாம்.

யார் தரலாம்? பணம் கொடுத்து வாங்கலாமா?

1994-ம் ஆண்டு சட்டப்படி கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் தரலாம். 2011 திருத்தத்தில் தாத்தா, பாட்டி, பேரன், பேத்தியும் சேர்க்கப்பட்டார்கள். மற்றவர்கள் தருவதென்றால் அங்கீகாரக் குழுவின் அனுமதி வேண்டும். பணத்துக்கு உறுப்பு வாங்குவதும் விற்பதும் குற்றம். 5 முதல் 10 ஆண்டு சிறை, 20 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம். "ஆள் இருக்கு, அட்வான்ஸ் கொடுங்க" என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்க.

வீட்டில் யாரும் பொருந்தவில்லை என்றால் மூளைச்சாவு அடைந்தவரின் கல்லீரலுக்குக் காத்திருக்க வேண்டும். தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையம் (டிரான்ஸ்டான்) இதைப் பார்க்கிறது. பெயரைப் பதிவு செய்வது மருத்துவமனைதான். அழைப்பு எந்த நேரமும் வரலாம், சில மணி நேரத்தில் போய்ச் சேர வேண்டும். ஏரலில் இருந்துகொண்டு இதைச் சமாளித்தது எப்படி என்று காத்திருந்தவர்களிடம் கேளுங்க.

செலவுக்கு வழி?

தனியாரில் பொதுவாக 20 லட்சம் ரூபாயைத் தாண்டிவிடும். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலும் இந்த அறுவை சிகிச்சை நடக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனைகளில் கல்லீரல் மாற்றுக்கும் அதில் இடம் உண்டு. இடத்தை, நகையை விற்பதற்கு முன்னால் இந்த இரண்டையும் விசாரித்துவிடுங்க.

ஊர் திரும்பிய பிறகு

புதுக் கல்லீரலை உடம்பு எதிர்க்காமல் இருக்க டாக்ரோலிமஸ் போன்ற மாத்திரைகளை ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டும். மருந்தின் அளவைப் பார்க்க ரத்தம் எடுக்கும் நாளில், ரத்தம் கொடுத்த பிறகுதான் காலை மாத்திரை. டாக்டரைக் கேட்காமல் கம்பெனி மாற்றி வாங்கக் கூடாது.

இந்த மாத்திரை சிலருக்கு ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றும். வாழையும் இளநீரும் தாராளமாகக் கிடைக்கிற ஊரில் இது கவனிக்க வேண்டிய விஷயம். எவ்வளவு சாப்பிடலாம் என்று கேட்டுக்கொள்ளுங்க. பம்பளிமாஸ் வேண்டாம், அது மருந்தின் அளவையே கூட்டிவிடும். முதல் சில மாதங்களில் தாமிரபரணியில் குளியல், ஆடி அமாவாசைக்கு சேர்மன் கோயில் கூட்டம் இரண்டையும் தவிர்ப்பது நல்லது. கிருமி தொற்றினால் தாங்காது.

இன்னொன்று. 2023 டிசம்பர் 17, 18-ல் பெய்த மழையில் ஏரல் துண்டிக்கப்பட்டதை யாரும் மறந்திருக்க மாட்டோம். பாலம் சேதமடைந்தது, கரன்ட் இல்லை, போனும் இல்லை. அப்படி ஒரு நாளில் மாத்திரை தீர்ந்தால் என்ன செய்வது? இது எல்லா மெடிக்கல் ஷாப்பிலும் கிடைக்கும் மாத்திரையும் இல்லை. இரண்டு வாரத்துக்காவது கூடுதலாக, தண்ணீர் புகாத டப்பாவில், உயரமான இடத்தில் வையுங்க.

வெளியே சொல்லத் தயக்கமா?

கல்லீரல் என்றாலே "குடிச்சிருப்பாரு" என்று ஊர் பேசும். அந்தப் பயத்திலேயே பலர் யாரிடமும் கேட்காமல் வீட்டுக்குள் நாளைக் கடத்துகிறார்கள். ஹெபடைடிஸ், சர்க்கரை, உடல் எடை, பிறவிக் கோளாறு என்று காரணங்கள் பல. குடிதான் காரணம் என்றாலும் அதை நிறுத்தியவருக்கு சிகிச்சைக்கு வழி உண்டு. அதிலிருந்து மீண்டு வந்தவரிடம் பேசினால் கூச்சமும் பாதி குறையும்.

ஒரு நோட்டு எடுத்துக்கோங்க. ஒரு பக்கம் டாக்டரிடம் கேட்க வேண்டியது, மறு பக்கம் அண்ணாச்சியிடம் கேட்க வேண்டியது. தரப்போகிறவருக்குத் தனியாக ஒரு பக்கம் விடுங்க. அதை அவரே எழுதட்டும்.