எலியின் காலும் நம் காலும்

சிறுகுறிஞ்சானோ ஆவாரம்பூவோ சர்க்கரை நோயாளியின் நரம்பைக் காக்கிறது என்று செய்தி வந்தால், யாருடைய நரம்பை என்று கேட்டுவிடுவது நல்லது. பெரும்பாலும் அது எலியின் நரம்பு. கோவை மருந்தியல் கல்லூரிகள் தொடங்கி உலகெங்கும் இவ்வகை ஆய்வுக்குக் கைகொடுப்பது ஸ்ட்ரெப்டோசோடோசின் என்ற ரசாயனம். மண்ணில் வாழும் நுண்ணுயிரி ஒன்றிலிருந்து கிடைத்தது. விலங்குகளுக்குச் சர்க்கரை நோயை வரவழைக்கும் என்பது 1963இல் தெரியவந்தது. மூலக்கூறின் ஒரு பகுதி குளுகோஸை ஒத்திருப்பதால் எலியின் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் ஏமாந்து உள்ளே விட்டுவிடுகின்றன. போனதும் அது டி.என்.ஏ.வைச் சிதைக்கிறது. உடல் எடையில் கிலோவுக்கு 50, 60 மில்லிகிராம் என ஒரே ஊசி போதும், சில நாளில் சர்க்கரை எகிறிவிடும். சில வாரங்களில் நரம்பு செய்தி கடத்தும் வேகமும் குறையும்.

இந்த அவசரத்தில்தான் சிக்கல். சோமனூரில் தறி ஓட்டுபவருக்குப் பாதம் மதமதப்பது பத்துப் பதினைந்து வருடச் சர்க்கரைக்குப் பிறகு. அவருக்கு வந்திருப்பது பெரும்பாலும் இரண்டாம் வகை, எலிக்கு வருவதோ முதல் வகையை ஒத்தது. முதுகுத்தண்டிலிருந்து கால்விரல்வரை அவர் நரம்பின் நீளம் ஏறத்தாழ ஒரு மீட்டர். நீளமான நரம்புதான் முதலில் கெடும்; எலியின் நரம்போ மிகக் குட்டை. ஓர் உதாரணம்: குளுகோஸை சார்பிட்டாலாக மாற்றும் நொதியைத் தடுத்தால் எலியின் நரம்பு தப்பியது. அதை நம்பி வந்த டால்ரெஸ்டாட் என்ற மருந்து, கல்லீரலைக் கெடுத்ததால் 1990களில் விற்பனையிலிருந்து போய்விட்டது. அதே வகை மருந்தான எபால்ரெஸ்டாட் மட்டும் ஜப்பானில் 1992 முதல் விற்கிறது, இந்தியாவிலும் கிடைக்கிறது. அப்படியானால் எலி சொன்னது சரிதானே என்று கேட்கலாம். பாதி சரி. 2006இல் வெளியான ஜப்பானின் மூன்றாண்டு ஆய்வில், தினம் 150 மில்லிகிராம் எடுத்தவர்களின் நரம்பு வேகம் மேலும் சரியாமல் நின்றது. பலன் தெளிவாகத் தெரிந்தது சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்களிடம். கெட்ட நரம்பு புதிதாகிவிடவில்லை. அதற்காக எலி ஆய்வே வீண் என்பதும் அபத்தம்; சார்பிட்டால் வழியை அலசிப் பார்க்க உதவியதே அந்த எலிதான். அதன் முடிவை நோயாளிக்கான வாக்குறுதியாக விற்பதுதான் தவறு.

2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி தமிழ்நாட்டில் வயது வந்தோரில் சர்க்கரை நோயாளிகள் 14.4 சதவீதம். இவர்களுக்கு இன்றைக்கே உதவுவது பத்து கிராம் அழுத்தத்தில் வளையும் ஒரு நைலான் இழை. கண்ணை மூடச் சொல்லி, உள்ளங்காலில் வைத்து, தெரிகிறதா என்று கேட்டால் முடிந்தது. கெட்ட நரம்பை மீட்க மருந்தில்லாதபோது, கால் மரத்ததைக் கண்டுபிடித்து என்ன பயன்? மரத்த காலில் முள் ஏறியது தெரியாது. புண் புரையோடி விரலை எடுக்கும் நிலை வரும். மரத்துவிட்டது என்று தெரிந்தவர் தோட்டத்தில் வெறுங்காலோடு இறங்கமாட்டார், ராத்திரி படுக்குமுன் பாதத்தைத் திருப்பிப் பார்ப்பார், புண் கண்ட அன்றே ஆஸ்பத்திரிக்குப் போவார். தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கு வந்து மாத்திரை கொடுக்கும் கையோடு இந்த இழைச் சோதனையையும் செய்ய ஐந்து நிமிடம் ஆகலாம்.