பழைய டிராக்டர் வாங்குவோர் கவனத்திற்கு

ஆடிப் பட்டத்துக்கு முன் சொந்தமாக ஒரு டிராக்டர் இருந்தால் நல்லது என்று கோவை, ஈரோடு மாவட்டச் சிறு விவசாயிகள் பலரும் எண்ணுவதுண்டு. புதிது வாங்க வசதியில்லாதவர்கள் பழையதைத் தேடுகின்றனர். பெயிண்ட் அடித்து, டயர் மாற்றினால் பழைய வண்டியும் புதிதுபோல் தெரியும். எனவே சட்டம் தரும் பாதுகாப்பை அறிந்து வாங்குவது நல்லது.

வியாபாரியின் பொறுப்பு

பழைய வண்டிக்கு இத்தனை மாதம் உத்தரவாதம் தரவேண்டும் என்று சட்டத்தில் இல்லை. ஆனால் 1930-ம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டப்படி, விற்பவருக்கு விற்கும் உரிமை இருக்கவேண்டும். வாங்குபவருக்குத் தெரிவிக்காத கடன் பாக்கி வண்டி மீது இருக்கக் கூடாது. இன்ன வேலைக்கு வேண்டும் என்று சொல்லி, வியாபாரியின் அனுபவத்தை நம்பி வாங்கினால், வண்டி அந்த வேலைக்கு ஏற்றதாக இருக்கவேண்டும். பக்கத்துத் தோட்டக்காரரிடம் நேரில் வாங்கும்போது இந்தக் கடைசிப் பாதுகாப்பு இல்லை. சோதித்துப் பார்த்தபோதே தெரிந்திருக்க வேண்டிய குறைக்கும் பின்னர் வியாபாரியைக் கேட்க முடியாது. ஆகவே தெரிந்த மெக்கானிக்கை அழைத்துச் சென்று, கலப்பை மாட்டி ஓட்டிப் பார்க்கவேண்டும்.

ஏப்ரல் 2023 முதல் பழைய வாகன வியாபாரிகள் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரம் பெறவேண்டும். அந்தச் சான்றிதழைக் கேட்டுப் பார்க்கலாம்.

எழுத்தில் பெறுக

எஞ்சின், ஹைட்ராலிக், கியர் ஆகியவற்றுக்கு வியாபாரி தரும் வாக்குறுதியை ரசீதிலேயே எழுதி வாங்கவேண்டும். ஆர்.சி. புத்தகத்திலுள்ள எஞ்சின், சேஸிஸ் எண்களை வண்டியுடன் ஒப்பிடவேண்டும். வங்கிக் கடன் இருந்திருந்தால், கடன் தீர்ந்த சான்றும் படிவம் 35-ம் அவசியம்.

பெயர் மாற்றம்

விற்பவர் 14 நாட்களுக்குள்ளும், வாங்குபவர் 30 நாட்களுக்குள்ளும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்கவேண்டும். படிவம் 29, 30 இதற்குரியவை. டிராக்டரை விற்கும் விவசாயிக்கும் இது முக்கியம். வண்டி கைமாறியும் பெயர் மாறாதிருந்தால், விபத்து நஷ்டஈட்டுக்குப் பதிவேட்டில் உள்ளவரே பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வியாபாரியிடம் வண்டியை ஒப்படைப்பவர் படிவம் 29சி மூலம் தெரிவித்துவிட்டால், அடுத்தவர் பெயருக்கு மாறும் வரை வியாபாரியே உரிமையாளராகக் கருதப்படுவார்.

ஏமாற்றம் நேர்ந்தால்

பிழைப்புக்காகத் தாமே பயன்படுத்த வாங்கும் விவசாயியும் நுகர்வோரே. இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குப் புகார்க் கட்டணம் இல்லை. 1915 என்ற தொலைபேசி எண்ணிலும் ஆலோசனை பெறலாம். ரசீது இருந்தால்தான் வழக்கு நிற்கும், அதைப் பத்திரப்படுத்துக.