பயமா, பிழைப்பா? கப்பலேற வைத்தது எது?

ஒரு நாட்டை விட்டு மக்கள் போவது பயத்தாலா, வருமானக் குறைவாலா? தொலைக்காட்சி அரங்குகளில் இரண்டு அணி பிரிந்து வாதாட ஏற்ற தலைப்பு. ஆனால் மலேசியத் தமிழர் கதையை எடுத்துக்கொண்டால், இரண்டு அணிக்கும் பாதிப் பாதி உண்மைதான் கிடைக்கும்.

1969 மே 13-ல் கோலாலம்பூரில் கலவரம் வெடித்தது. அதே காலத்தில் தோட்டத் தொழிலாளர்கள் குடும்பம் குடும்பமாகத் தமிழ்நாட்டுக்குத் திரும்பினார்கள். சுமார் 60,000 பேர் என்பது ஆய்வாளர்கள் பலர் தரும் கணக்கு. கலவரத்துக்குப் பயந்து ஓடினார்கள் என்று சொல்வோர் உண்டு. அது முழுக் காரணம் அல்ல. ரத்தம் சிந்தியது பெரும்பாலும் தலைநகரில். தோட்டத்து ஆட்களைக் கிளப்பியது ஒரு தாள். அதன் பெயர் வேலை பெர்மிட்.

1968-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, குடியுரிமை இல்லாதவர் பெர்மிட் இல்லாமல் வேலை செய்ய முடியாது. குடிமகனுக்கு நீல அடையாள அட்டை, நிரந்தரவாசிக்குச் சிவப்பு அட்டை. 1957-ல் நாடு சுதந்திரம் அடைந்த பிறகும் பலர் மனுப் போடவில்லை. பிறப்புப் பத்திரம் இல்லை, மலாய்த் தேர்வு என்றால் நடுக்கம், "மரம் சீவுகிறவனுக்கு இதெல்லாம் எதற்கு?" என்ற அசட்டை வேறு. பெர்மிட் இல்லையென்றால் வேலை இல்லை. வேலை போனால் லயத்து வீடும் போகும். சம்பளப் பிரச்சினை எங்கே முடிகிறது, பாதுகாப்புப் பிரச்சினை எங்கே தொடங்குகிறது?

இதோடு டெங்கிலை ஒப்பிடலாம். 1990-களில் புத்ராஜெயா எழும்ப பிராங் புசார், காலவே, செட்ஜ்லி, மெடிங்லி ஆகிய தோட்டங்கள் வழிவிட்டன. அங்கிருந்தவர்கள் டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்கு வந்தார்கள். தோட்ட வேலையும் வீடும் இங்கேயும் சேர்ந்தேதான் போயின. சுவரில் விரிசல் என்று ஆண்டுக்கணக்கில் முறையிட்டார்கள், தரை வீடு கேட்டார்கள். ஆனால் 1969 போல யாரும் கூட்டமாக நாட்டை விட்டுப் போகவில்லை. கேட்கும் உரிமை கையில் இருந்தது.

இப்போது புறப்படுகிறவர்கள் வேறு ரகம்; படித்தவர்கள். டெங்கிலைத் தாண்டினால் விமான நிலையம். வெளிநாடுகளில் வாழும் மலேசியர் சுமார் 10 லட்சம், அதில் பாதிக்கு மேல் சிங்கப்பூரில் என்று 2011-ல் உலக வங்கி மதிப்பிட்டது. காரணம் கேட்டபோது வேலை முன்னேற்றம் என்றவர்கள் 66 விழுக்காடு, சமூக அநீதி என்றவர்கள் 60, சம்பளம் என்றவர்கள் 54. கூட்டினால் நூறைத் தாண்டும். ஒரே ஆள் இரண்டு, மூன்று காரணம் சொல்லியிருக்கிறார்.